வேலையோடு போகும் வீடு வீடாகுமா?

(மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்து போடிநாயக்கனூரில் குடியேறியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களின் மத்தியில் ஆற்றிய பேச்சு.)



கூட்டம் துவங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். போன மாதம்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். 34 வருஷம் கொழுந்து கிள்ளிய கை. விரல் நுனிகளில் இன்னும் கறை போகவில்லை. "ஏப்பா, எத்தன வருஷம் இருந்தா இது எங்க ஊருன்னு ஆகும்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. "மேடையில் சொல்கிறேன், ஆத்தா" என்றேன். ஆகவே இன்றைக்கு நான் பேசப் போவதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். வேறு பெரிய விஷயங்களைப் பேச வேறு நாள் இருக்கிறது.

மலை ஏறிய கதை

முதலில், நாம் ஏன் மேலே போனோம்? ஆசைப்பட்டா போனோம்? குளிருக்கு ஏங்கியா போனோம்?

1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். பிறகு கம்பெனிகள் வந்தன. காடு வெட்ட ஆள் வேண்டும். செடி நட ஆள் வேண்டும். கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? கீழே திருநெல்வேலிச் சீமையிலும் ராமநாதபுரம், மதுரைப் பக்கத்திலும் மழை பொய்த்த நிலம் இருந்தது. நிலம் இல்லாத ஜனங்கள் இருந்தார்கள். சேரியில் பிறந்ததற்காகத் தெருவில் நடக்க முடியாத ஜனங்கள் இருந்தார்கள். கங்காணி வந்தான். முன்பணத்தைக் கையில் கொடுத்தான். கடனோடு மலை ஏற்றினான்.

இந்தப் போடியிலிருந்து கொட்டகுடி, குரங்கணி வழியாக ஒரு பாதை மேலே போகிறதே, அது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதையில்தான் நம்முடைய பாட்டன் பாட்டிகளில் பலர் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அட்டை கடிக்கக் கடிக்க ஏறினார்கள்.

அதே மலையிலிருந்து தேயிலை எப்படி இறங்கியது தெரியுமா? மூணாறிலிருந்து மலை உச்சி வரைக்கும் 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். அந்த உச்சிக்குப் பெயர் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கம்பிப் பாதை. தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் 15 கிலோமீட்டர் வந்து போடி சேர்ந்தன. பிறகு ரயிலும் கப்பலும் ஏறி இங்கிலாந்துக்குப் போயின. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது.

தோழர்களே, இதை நன்றாக எண்ணிப் பாருங்கள். தேயிலைக்குக் கம்பிப் பாதை! மனிதனுக்குக் கால் பாதை! பெட்டி நனையக் கூடாது என்று கொட்டகை போட்டவர்கள், அதைச் செய்தவன் நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? 1924ஆம் ஆண்டு பெருவெள்ளம் வந்தது. மலை ரயில் அடித்துக்கொண்டு போயிற்று. அதை மறுபடி போடவே இல்லை. காலப்போக்கில் சரக்கு லாரிப் பாதைக்கு மாறியது. கம்பிப் பாதையும் ஓய்ந்தது. போடி ரயிலின் தண்டவாளத்தைக்கூட இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், 1942இல், பெயர்த்து எடுத்தார்கள். யுத்தம் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் மறுபடி ரயில் ஓடியது. 2010ஆம் ஆண்டுக் கடைசியில் அகலப் பாதை போடுவதற்காக நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் திரும்பவும் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு டாப் ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் இல்லை. சென்ட்ரல் ஸ்டேஷன் என்று மலையிலே ஒரு ஊர் இருக்கிறது. அங்கும் ரயில் இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது. ஆனால் அந்த ஊரில் ஜனங்கள் இருக்கிறார்கள்! முதலாளி சரக்குக்காக ஊரை உண்டாக்குவான். சரக்கு வேறு வழியில் போனால் அவனும் வேறு வழியில் போய்விடுவான். அவன் விட்டுப் போன இடத்தில் மிஞ்சி நிற்பது யார்? உழைத்தவன்தான். ஓடாமல் நின்ற நம்மைப் பார்த்து, "நீ எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள்!

வீடு யாருடையது?

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மலையில் நமக்கு லயம் இருந்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு சின்ன வாசல். அதுவும் சும்மா வந்ததல்ல. தோட்டத் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து நின்று குரல் கொடுத்த காலத்தில்தான் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீடு கொடு, மருந்து கொடு, குழந்தைக்குப் பிள்ளைமடுவம் கொடு, பள்ளிக்கூடம் கொடு என்று அந்தச் சட்டம் முதலாளிக்குச் சொன்னது. அது தொழிலாளிக்குக் கிடைத்த வெற்றி. சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வெற்றிக்குள்ளே ஒரு முள் இருந்தது. வீடு தொழிலாளிக்குத்தான், மனிதனுக்கு அல்ல! வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிறந்தது அந்த வீட்டில், கலியாணம் செய்தது அந்த வீட்டில், பெற்றது அந்த வீட்டில், பெற்றவர்களைத் தூக்கியதும் அந்த வீட்டிலிருந்துதான். அப்படியிருந்தும், ஓய்வு பெறுகிற வயது வந்ததும், "சாவியைக் கொடு" என்கிறார்கள். வேறு வழியில்லாமல் பல குடும்பங்கள் என்ன செய்தன? வீட்டைக் காப்பாற்றுவதற்காகப் படிக்கிற பிள்ளையைத் தோட்டத்தில் பெயர் பதிய வைத்தன. அந்தப் பிள்ளைக்கு வேலை வேண்டும் என்பதற்காக அல்ல, வீடு வேண்டும் என்பதற்காக. வீட்டுக்குக் கொடுத்த வாடகை ஒரு தலைமுறையின் படிப்பு!

அந்த 1951ஆம் வருஷத்துச் சட்டத்தையும் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புகளும் அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்தது. சட்டத்தின் பெயர் மாறலாம். வேலைக்கும் வீட்டுக்கும் போட்ட முடிச்சு மட்டும் அவிழவில்லை.

இது நம் ஒரு மலையின் கதை மட்டுமா? பீர்மேட்டைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தோட்டங்கள் பல மூடப்பட்டன. தொழிற்சாலையின் இயந்திரம் துருப்பிடித்தது. லயத்தின் கூரை ஒழுகியது. ஜனங்கள் அதே லயத்தில் அதே மழையில் இருந்தார்கள். திருநெல்வேலி மாஞ்சோலையைப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. அந்தத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனபோது, 1999 ஜூலை 23ஆம் தேதி, தாமிரபரணிக் கரையில் போலீஸ் தடியடியில் 17 உயிர்கள் போயின. 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சொல்லித் தோட்டத்தை முடித்துக்கொண்டது. நான்கு தலைமுறை இருந்த ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். விருப்பம் யாருடையது? ஓய்வு யாருக்கு?

கடலுக்கு அப்பாலும் இதுதான். இலங்கை மலைகளில் நம் ஜனங்கள் தேயிலையும் ரப்பரும் வளர்த்தார்கள். 1964 அக்டோபரில் இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று! அந்த ஜனங்களில் ஒருவரையாவது கேட்டார்களா? மூட்டையைப் பங்கு போடுவதைப் போல மனிதர்களைப் பங்கு போட்டார்கள்.

பெட்டிமுடியை நான் சொல்லாமல் விட முடியாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு. மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம். தலைமுறை தலைமுறையாக உழைத்தும், "இந்த இடம் ஆபத்து, நான் வேறு இடத்தில் வீடு கட்டிக்கொள்கிறேன்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு முழம் சொந்த மண் இருந்ததா? வேலை எங்கே படுக்கச் சொன்னதோ அங்கே படுத்திருந்தார்கள்.

எலி வளையானாலும் தனி வளை என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நமக்கு எலிக்கு இருக்கிற பாத்தியதைகூட இருக்கவில்லை.

நாங்கள் இறங்கி வந்த நாள்

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்லுகிறேன். பெருமைக்காக அல்ல. இதில் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது.

என் தகப்பனார் தேவிகுளம் தாலுகாவில் ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கொழுந்தை உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. தொழிற்சாலை நின்றது. கொஞ்ச நாள் வெளி வேலை கொடுத்தார்கள். வயது முடிந்ததும் வீட்டைக் கேட்டார்கள். வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்றார்கள். பணம் வந்தால்தானே வேறு வீடு பார்க்க முடியும் என்று என் தகப்பனார் கேட்டார். அதற்கு ஆபீசில் பதில் இல்லை.

ஒரு ஜீப்பில் எங்கள் சாமான் அடங்கிவிட்டது. 31 வருஷத்துச் சம்பாத்தியம், ஒரு ஜீப்! போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பனி மூடியிருந்தது. அங்கே நின்று என் தாயார் மேலே ஒரு தடவை பார்த்தார். கீழே ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கம்பளியைக் கழற்றலாம் போலச் சூடு ஏறிக்கொண்டு வந்தது. முந்தலுக்கு வந்தபோது வேர்த்துக் கொட்டியது.

போடியில் வீடு கேட்டோம். "மலைக்காரங்களா? அட்வான்ஸ் எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. அது என்ன சாதி என்ற கேள்வி. இந்தத் தெருவில் இருக்கிற பலரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள். தெருவுக்குத் தெரு வீடு பூட்டிக் கிடக்கும், ஆனால் நமக்கு வீடு இல்லை! கடைசியில் ஒரு தகரக் கூரை கிடைத்தது.

முதல் வாரம் என் தாயார் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து கொள்வார். ஏனம்மா என்றால், "சங்கு ஊதலையே" என்பார். சங்கு ஊதாமல் எழுந்திருக்க அவருக்குத் தெரியாது. பெரட்டுக்குப் போய் நிற்காமல் ஒரு நாளைத் துவக்க அவருக்குத் தெரியாது. சுதந்திரம் வந்த மனிதரைப் போல அல்ல, வழி தவறிய மனிதரைப் போலத்தான் அவர் இருந்தார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். வேலை வேண்டும். விடியற்காலையில் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறார்கள். அன்றைக்கு இருந்த கூலி எனக்குத் தெரியாது. ஆள் ஏற்றுகிறவர் ஒரு தொகை சொன்னார். சரி என்று ஏறினேன். இப்படி ஐந்து நாள் போனேன். ஆறாம் நாள் இந்தத் தெருவில் இருக்கிற ஒரு அம்மாள் என்னை வழியில் நிறுத்தினார். "தம்பி, நீ என்ன கூலிக்குப் போற?" என்று கேட்டார். சொன்னேன். "நீ அம்பது ரூபா கம்மியாப் போற. உன்னயக் காட்டி எங்க கூலியையும் கொறைக்கச் சொல்றான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுன கதையால்ல இருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் பசியில் இருக்கிறோம், நீ கூலிக் கணக்குப் பேசுகிறாயா என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் அதோடு போய்விடவில்லை. மறுநாள் காலையில் என் கூடவே ஜீப்புக்கு வந்தார். ஆள் ஏற்றுகிறவரிடம், "இந்தத் தம்பிக்கும் எங்க கூலிதான். இல்லேன்னா நாங்க பத்துப் பேரும் ஏறல" என்றார். ஏலக்காய் பறிக்கிற சமயம். பழம் செடியில் நின்றால் நஷ்டம். அரை மணி நேரம் ஜீப் நின்றது. பிறகு சரி என்றார்கள்.

தாய்மார்களே! நான் போடிக்கு வந்து பல நாள் ஆகியிருந்தது. ஆனால் குடியேறியது அன்றைக்குத்தான்.

யார் யாருக்கு விரோதி?

இந்த ஊர் எதனால் பிழைக்கிறது? ஏலக்காயால். மலையில் விளைகிற ஏலக்காய், போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்துக்கு வருகிறது. போடியில் எத்தனை பெண்கள் குனிந்த தலை நிமிராமல் காயைத் தரம் பிரிக்கிறார்கள்! எத்தனை பேர் விடியுமுன் எழுந்து சோறு கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, அந்த வளைவுகளில் ஏறி, இருட்டியபின் இறங்குகிறார்கள்! 2020இல் கொரோனா நோய்க் காலத்தில் எல்லையை மூடினார்களே, அப்போது என்ன நடந்தது? கீழே தொழிலாளி வீட்டில் அடுப்பு எரியவில்லை. மேலே தோட்டத்தில் வேலை நடக்கவில்லை. அந்த மலை யாருடைய கையால் நடக்கிறது என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்தது.

ஆகவே இந்த ஊர்த் தொழிலாளி உங்களுக்கு விரோதி அல்ல. நீங்கள் அவருக்கு விரோதி அல்ல. அவர் தினம் ஏறி இறங்குகிறார். நீங்கள் ஒரு தலைமுறை கழித்து இறங்கியிருக்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம். குறைந்த கூலிக்குப் போகாதீர்கள். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். உள்ளூர்த் தோழர்களுக்கும் சொல்கிறேன்: வந்தவர்களைத் திட்டாதீர்கள், அந்த அம்மாள் செய்ததைப் போலக் கூட நின்று கூலி கேட்டுக் கொடுங்கள்.

இங்கே ஒரு சுயவிமர்சனமும் அவசியம். 2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது? கொழுந்து எடுக்கிற பெண்கள், ஆயிரக்கணக்கில், ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். நாளுக்கு 232 ரூபாய் கூலி. 500 ஆக்கு என்றார்கள். கம்பெனியை மட்டுமா எதிர்த்தார்கள்? சங்கத் தலைவர்களையும் கிட்டே வராதே என்றார்கள். எல்லாச் சங்கத்தையும்தான்! பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கூலி 301 ரூபாய் ஆயிற்று. அந்தப் பெண்கள் சொன்னதை நாம் காதில் போட்டுக்கொண்டோமா? லயத்தின் ஒழுகலை, கக்கூஸ் இல்லாத கஷ்டத்தை, ஓய்வு பெற்றபின் எங்கே போவது என்ற பயத்தை, சங்கத்தின் மேஜையில் எத்தனை தடவை வைத்தோம்? கூலியைப் பேசினோம், போனஸைப் பேசினோம், வீட்டைக் கடைசியில் பேசினோம். சில சமயம் பேசவே இல்லை. இனி அப்படி இருக்கக் கூடாது.

செய்ய வேண்டிய வேலைகள்

பேச்சு போதும், செய்வது என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலாவது, மேலே விட்டு வந்த பணம். பணிக்கொடை என்பது பிச்சை அல்ல. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். உதாரணத்துக்கு, கடைசியில் நாள் கூலி 400 ரூபாய் என்று வையுங்கள். 15 நாளைக்கு 6,000 ரூபாய். 30 வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். உங்கள் கூலியையும் உங்கள் வருஷத்தையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போடுகிற கணக்குதான். கணக்குச் சரியாக இல்லாமல், படிக்காமல், எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்காதீர்கள். எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். பிராவிடண்டு பண்டின் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பென்ஷன் வருகிறவர்கள் வருஷம் தவறாமல் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அந்தப் பென்ஷனுக்குக் குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். 1,000 ரூபாயில் ஒரு கிழவனும் கிழவியும் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்பது நம் எல்லோருடைய வேலை.

இரண்டாவது, பெயர். அங்கே ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய சான்று வாங்காமல் இங்கே வந்தால் இழுத்தடிப்பார்கள். வாக்காளர் பட்டியலில் இடம் மாறியதற்கு 8ஆம் நம்பர் படிவம் இருக்கிறது. தனித்தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். இருபது குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் போங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லோருடைய படிவத்தையும் எழுதிக் கொடுக்கட்டும். பட்டியலில் பெயர் இல்லாதவனின் குடிசை எந்தத் தலைவரின் கண்ணுக்கும் தெரியாது!

மூன்றாவது, பிள்ளைகள். சாதிச் சான்றிதழ் நம்மில் பலருக்கு ஒரு பெரிய சுவர். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்தீர்களா என்று கேரளத்தில் கேட்பார்கள். நம் பாட்டன் எந்தத் தேதியில் மலை ஏறினான் என்று யார் எழுதி வைத்தது? அங்கே இல்லை என்றார்கள். இங்கே வந்தால், நீங்கள் அங்கே பிறந்தவர்கள்தானே என்பார்கள். பாட்டனின் ஊர், நிலம், பள்ளிக்கூடம் எதற்காவது ஒரு பழைய காகிதம் சொந்தக்காரர் வீட்டில் இருக்குமா என்று தேடிப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த சான்று அதே வம்சத்து இன்னொரு குடும்பத்துக்கும் உதவும். எது வந்தாலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். மலையில் வீட்டுக்காகப் படிப்பை விட்டோம். இங்கேயும் விடுவோமா?

நான்காவது, மனை. வீடு கட்ட உதவித் திட்டங்கள் பல இருக்கின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் முதல் கேள்வி, "சொந்த மனை இருக்கிறதா? பட்டா இருக்கிறதா?" என்பதுதான். மனை இருப்பவனுக்கு வீடு. மனை இல்லாதவனுக்கு மனு! ஆகவே நம் முதல் கோரிக்கை வீட்டுமனைப் பட்டா. அதுவும் குடும்பத்துப் பெண்ணின் பெயரில். காரணம் சொல்ல வேண்டுமா? மலையில் கூடை சுமந்தது அவள். லயத்தைக் காத்தது அவள். பட்டாவும் அவள் பெயரில் இருந்தால் சாராயக் கடைக்கு அடகு போகாது.

இந்தக் கோரிக்கையை இரண்டு சர்க்கார்களிடமும் வைப்போம். 1956 நவம்பர் 1ஆம் தேதி தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. கோடு மலைமேல் விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் உழைத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் முதுமையைக் கழிக்கிறவர்கள் நாம். நம் உழைப்பை எடுத்துக்கொண்ட மாநிலமும் பொறுப்பு. நாம் வந்து சேர்ந்த மாநிலமும் பொறுப்பு. லாபம் எடுத்த முதலாளி எல்லோருக்கும் முந்திய பொறுப்பு! வேலையில் இருக்கும்போதே, மலைக்குக் கீழே பாதுகாப்பான இடத்தில், தொழிலாளியின் பெயரில் வீடு இருக்க வேண்டும். வேலை போனாலும் போகாத வீடு! அதுதான் வீடு. மற்றதெல்லாம் தங்கும் கொட்டகை.

பாட்டிக்குப் பதில்

ஆத்தா, முன்னால் உட்கார்ந்திருக்கிறாயே, உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

எத்தனை வருஷம் இருந்தால் இது உன் ஊர் ஆகும் என்று கேட்டாய். வருஷக் கணக்கால் ஊர் சொந்தமாவதாக இருந்தால், 34 வருஷம் இருந்த மலை உனக்குச் சொந்தமாகியிருக்க வேண்டாமா? ஆகவில்லையே! அங்கே உன் உழைப்பு இருந்தது. உன் பெயரில் ஒரு காகிதம் இல்லை. அங்கே உனக்குக் கூரை இருந்தது. அந்தக் கூரையின் சாவி இன்னொருவன் கையில் இருந்தது.

என் தாயார் கதையை முடித்துச் சொல்கிறேன். இந்தத் தெருவுக்குக் குழாய் கேட்டு நகராட்சிக்குப் பெண்கள் போனார்கள். என் தாயாரும் போனார். வீட்டுக் கதவுக்கு வெளியே அவர் அதிகம் போனதில்லை. அன்றைக்கு அதிகாரி, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார். மற்றவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் என் தாயார் தெருவின் பெயரைச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். குழாய் வர இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் மறுநாள் காலையில் சங்கு ஊதவில்லையே என்று அவர் கேட்கவில்லை.

ஆகவே ஆத்தா, நாளைக் காலையில் இருபது குடும்பங்கள் தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டுபோகிறோம். நீயும் வா. உன் பெயரும் அதில் இருக்கிறது. உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால், கொழுந்து கிள்ளிய அந்த விரலை வை. அந்தக் கறையைப் பார்த்து எந்தச் சர்க்காரும், "நீ எந்த ஊர்?" என்று கேட்க முடியாதபடி நாங்கள் எல்லோரும் உன்னோடு நிற்போம்.

வேலையோடு போகாத வீடு வேண்டும்! பெண்ணின் பெயரில் பட்டா வேண்டும்! வந்தவரும் இருந்தவரும் ஒரே கூலி கேட்போம்!

காலை 10 மணிக்கு, தாலுகா ஆபீஸ் வாசலில் சந்திப்போம்.